அசல் எது என்று வங்கி காட்டட்டும்

வங்கியின் பெயரில் வரும் போலி மின்னஞ்சலைக் கண்டுபிடிப்பது எப்படி என்று கேட்டால், பல ஆண்டுகளாக ஒரே பதில்தான் கிடைக்கிறது. எழுத்துப்பிழை இருக்கிறதா பாருங்கள். ஆங்கிலம் கரடுமுரடாக இருக்கிறதா பாருங்கள். உங்கள் பெயரைச் சொல்லாமல் ‘அன்புள்ள வாடிக்கையாளரே’ என்று பொத்தாம்பொதுவாக அழைக்கிறதா பாருங்கள். வங்கியின் சின்னம் மங்கலாக இருக்கிறதா பாருங்கள். கிளைச் சுவரில் ஒட்டியிருக்கும் தாளிலும் ஏடிஎம் திரையிலும் இதே பட்டியல்தான். இதில் ஒன்றைக்கூட இன்று நம்பிக் களத்தில் இறங்க முடியாது.

முதலில் மொழியை எடுத்துக்கொள்வோம். நம் வங்கிகளின் மின்னஞ்சல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. கணக்கு திருவாரூர் கிளையில் இருக்கலாம். கணக்கு வைத்திருப்பவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியராக இருக்கலாம். கேஒய்சி விவரத்தைப் புதுப்பிக்கச் சொல்லும் மடல் ஆங்கிலத்தில்தான் வந்து விழும். அவரிடம் போய், ஆங்கிலத்தில் பிழை தென்பட்டால் சந்தேகப்படுங்கள் என்று சொல்வது எந்த ஊர் நியாயம்? சட்டப்பிரிவும் விளம்பரப்பிரிவும் மாறிமாறிக் கைவைத்த அசல் மடலே அவருக்குப் பாதிதான் புரியும். போதாக்குறைக்கு, செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பிழையற்ற ஆங்கிலத்தையும் பரவாயில்லை என்று சொல்லத்தக்க தமிழையும் நொடியில் எழுதித் தருகின்றன. போலி மடல் சந்திப்பிழைகூட இல்லாமல் வரும். வங்கியின் அசல் தமிழ் மடலில்தான் ஒற்று மிக வேண்டிய இடத்தில் மிகாமல் கிடக்கும்.

பெயர் சொல்லி அழைப்பதிலும் பாதுகாப்பு இல்லை. நம் பெயரும் கைபேசி எண்ணும் மின்னஞ்சல் முகவரியும் கடைகளிலும் செயலிகளிலும் விண்ணப்பங்களிலும் சிதறிக் கிடக்கின்றன. எங்கிருந்து வேண்டுமானாலும் கசியலாம். சின்னம் மங்கலாக இருக்கும் என்பது அதைவிடப் பழைய கதை. வங்கி அனுப்பிய உண்மையான மடல் ஒன்றை அப்படியே நகலெடுத்து, அதில் ஒரேயொரு லிங்க்கை மட்டும் மாற்றினால் போதும். சின்னம், நிறம், எழுத்துரு, அடிக்குறிப்பு எல்லாம் அச்சு அசலாக வந்துவிடும்.

அப்படி ஒரு மடல் கைபேசியில் எப்படித் தெரியும் என்று கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். மேலே அனுப்புநர் இடத்தில் வங்கியின் பெயர் மட்டும் தடித்த எழுத்தில் இருக்கும். ‘பான் விவரம் சரிபார்க்கப்படாததால் உங்கள் நெட்பேங்கிங் இன்றிரவு முடக்கப்படும்’ என்று தலைப்பு. உள்ளே வங்கியின் வழக்கமான வண்ணப்பட்டை, இரண்டு வரி விளக்கம், ‘இப்போதே புதுப்பிக்க’ என்று ஒரு பொத்தான். அடியில் சிறிய எழுத்தில், ‘உங்கள் பாஸ்வேர்டையோ ஓடிபியையோ வங்கி ஒருபோதும் கேட்காது, யாரிடமும் பகிராதீர்கள்’ என்ற எச்சரிக்கை. ஆம், திருடன் அந்த எச்சரிக்கையையும் சேர்த்தேதான் நகலெடுத்திருப்பான். அதைப் படித்ததும் நமக்கு நம்பிக்கை கூடத்தான் செய்யும்.

பொத்தானைத் தொட்டால் வங்கியின் நுழைவுப் பக்கம் திறக்கும், அதுவும் நகல்தான். பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் தட்டுகிறோம். ‘சற்றுப் பொறுக்கவும்’ என்று ஒரு வட்டம் சுற்றுகிறது. அந்த அரை நிமிடத்தில் மறுமுனையில் ஒரு நிரலோ ஓர் ஆளோ நாம் தட்டியதை வங்கியின் உண்மையான தளத்தில் செலுத்துகிறார்கள். உடனே வங்கி நம் கைபேசிக்கு ஓடிபி அனுப்புகிறது. அனுப்புவது உண்மையான வங்கி, வருவதும் உண்மையான குறுஞ்செய்தி. சந்தேகம் எங்கிருந்து வரும்? புதிய பயனாளியைச் சேர்க்க என்றோ இத்தனை ஆயிரம் ரூபாய் அனுப்ப என்றோ அந்தச் செய்தியில் எழுதியிருக்கும். ஆனால், கைபேசி அந்த ஆறு இலக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து விசைப்பலகைக்கு மேலே நீட்டுகிறது. ஒரு தொடுதலில் எண் கட்டத்துக்குள் போய்விடுகிறது. வசதிக்காகச் செய்த ஏற்பாடு, எதற்கான எண் என்பதைப் படிக்க வேண்டிய தேவையையே இல்லாமல் செய்துவிட்டது. கடைசியில் ‘நன்றி, உங்கள் விவரம் புதுப்பிக்கப்பட்டது’ என்று ஒரு வரி. பிறகு அந்தப் பக்கம் தானாகவே வங்கியின் அசல் தளத்துக்குப் போய்விடும். பணம் போன செய்தி வரும்வரை ஏமாந்தோம் என்றே தெரியாது.

இந்த மொத்த நாடகத்திலும் போலி தன்னைக் காட்டிக்கொடுக்கும் இடம் ஒன்றுதான்: இணைய முகவரி. அதையும் கைபேசி மறைத்துவிடுகிறது. அஞ்சல் செயலிகள் பலவும் அனுப்புநரின் பெயரைத்தான் காட்டும். அதைத் தொட்டுத் திறந்தால்தான் முகவரி தெரியும்.

விவரமறியாதவர்கள்தான் ஏமாறுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வது நமக்கு ஒரு சௌகரியம். டிராய் ஹன்ட் என்ற ஆஸ்திரேலியரைக் கணினிப் பாதுகாப்பு உலகில் அறியாதவர் குறைவு. கசிந்த கணக்குகளில் நம்முடையது இருக்கிறதா என்று பார்க்க உதவும் ‘ஹேவ் ஐ பீன் போன்ட்’ தளத்தை நடத்துபவர். 2025 மார்ச்சில், நீண்ட விமானப் பயணக் களைப்போடு லண்டனில் இருந்தபோது, செய்திமடல் அனுப்பும் நிறுவனமொன்றின் பெயரில் வந்த போலி மின்னஞ்சலை நம்பி, பாஸ்வேர்டையும் ஓடிபியையும் தட்டிக்கொடுத்துவிட்டார். அவருடைய வாசகர்கள் ஏறத்தாழ 16,000 பேரின் மின்னஞ்சல் முகவரிகள் நிமிடங்களில் களவுபோயின. நடந்ததை அவரே வெளிப்படையாக எழுதினார். அவருடைய கைபேசியும் அனுப்புநர் முகவரியைக் காட்டாமல் பெயரை மட்டுமே காட்டியிருக்கிறது. இதையே தொழிலாகக் கொண்டவர் களைத்திருந்த ஒரு நிமிடத்தில் விழுந்தார் என்றால், ஓய்வூதியக் கணக்கு முடங்கிவிடுமோ என்ற பதற்றத்தில் இருப்பவரிடம் உற்றுப் பார்க்கச் சொல்வதில் என்ன பயன்?

மின்னஞ்சலின் பிறவிக் கோளாறும் இதில் இருக்கிறது. 1982-இல் ஜான் போஸ்டல் எழுதி வெளியிட்ட அஞ்சல் நெறிமுறை, சில நூறு கணினிகள் ஒன்றையொன்று நம்பி வாழ்ந்த காலத்தைச் சேர்ந்தது. தபால் உறையின் பின்புறத்தில் அனுப்புநர் என்று யார் பெயரை வேண்டுமானாலும் எழுதிப் பெட்டியில் போடலாம் அல்லவா, அதே ஏற்பாடுதான். பிற்பாடு ஓட்டையை அடைக்க எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று ஒன்றன்மேல் ஒன்றாகச் சோதனைகள் வந்தன. இந்த முகவரியின் பெயரில் மடல் அனுப்ப இந்தக் கணினிக்கு அனுமதி உண்டா, வழியில் மடல் திருத்தப்படாமல் வந்ததா, சோதனையில் தோற்ற மடலை என்ன செய்வது என்பவற்றை இவை தீர்மானிக்கின்றன. கூகுளும் யாஹூவும் 2024 பிப்ரவரியிலிருந்து மொத்தமாக மடல் அனுப்புவோருக்கு இவற்றைக் கட்டாயமாக்கிவிட்டன. ஆகவே, வங்கியின் முகவரியையே அப்படியே போட்டு ஏமாற்றுவது முன்புபோல் எளிதல்ல.

அதனால் திருடர்கள் ஓய்ந்துவிடவில்லை. வங்கியின் பெயரோடு ‘கேஒய்சி’, ‘செக்யூர்’, ‘ரிவார்ட்ஸ்’ என்று ஏதோ ஒரு வாலை ஒட்டிச் சில நூறு ரூபாயில் ஒரு முகவரியைப் பதிவுசெய்கிறார்கள். அதற்குரிய எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துவைக்கிறார்கள். மடல் எல்லாச் சோதனையிலும் தேறி, கம்பீரமாக இன்பாக்ஸில் வந்து அமர்கிறது. மடல் அந்த முகவரியிலிருந்து வந்தது மெய்தானா என்பதைத்தான் சோதனை சொல்லும்; அந்த முகவரிக்காரர் யோக்கியரா என்பதைச் சொல்லாது. பூட்டுச் சின்னத்தின் கதையும் இதுவே. முகவரிக்குப் பக்கத்தில் பூட்டு இருந்தால் பத்திரம் என்று சொல்லிக்கொடுத்தோம். பூட்டுக்கு வேண்டிய சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கத் தொடங்கியதும் போலித் தளங்களும் பூட்டு மாட்டிக்கொண்டன. போலித் தளங்கள் கிட்டத்தட்ட எல்லாமே இப்போது பூட்டோடுதான் வருகின்றன என்று ஒப்புக்கொண்டு, 2023-இல் கூகுள் தன் குரோம் உலாவியிலிருந்து அந்தச் சின்னத்தையே எடுத்துவிட்டது. நம் ஊர் எச்சரிக்கைத் தாள்களில் பூட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது.

மிஞ்சுவது முகவரியைப் படிக்கும் கலை. அதைக் கடைசியிலிருந்து படிக்க வேண்டும். லிங்க்கில் முதல் ஒற்றைச் சாய்கோடு வரும் இடம்வரை எடுத்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி வந்தால், கடைசி இரண்டு மூன்று சொற்கள்தான் வீட்டுக்காரர் யார் என்று சொல்லும். முன்னால் இருப்பதெல்லாம் அலங்காரம். ‘எஸ்பிஐ.பேங்க்.இன்’ என்று முடிந்தால் அது ஸ்டேட் வங்கி. ‘எஸ்பிஐ.பேங்க்.இன்.அப்டேட்-கேஒய்சி.காம்’ என்று முடிந்தால் முன்னால் எத்தனை முறை வங்கியின் பெயர் வந்தாலும் அது வேறொருவனின் வீடு. ஆங்கிலத்தில் ஆர், என் இரண்டு எழுத்துகளையும் நெருக்கி வைத்தால் எம் போலத் தெரியும். ரஷ்ய எழுத்துகள் சிலவற்றைக் கண்ணால் ஆங்கில எழுத்திலிருந்து பிரித்தறியவே முடியாது. சுருக்கப்பட்ட லிங்க்கிலும் கியூஆர் கட்டத்திலும் படிக்க எதுவுமே இருக்காது.

இந்த இடத்தில் ரிசர்வ் வங்கி ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. 2025 பிப்ரவரியில் ஆளுநர் சஞ்சய் மல்ஹோத்ரா அறிவித்தபடி, இந்திய வங்கிகள் எல்லாம் ‘பேங்க்.இன்’ என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும். அந்த ஆண்டு அக்டோபர் 31 கெடு. ஹைதராபாதில் இருக்கும் ஐடிஆர்பிடி என்ற ரிசர்வ் வங்கியின் நிறுவனம் மட்டுமே அந்த முகவரிகளைப் பதிவுசெய்து தர முடியும். அதாவது, வங்கி அல்லாத ஒருவர் எத்தனை பணம் கொடுத்தாலும் ‘பேங்க்.இன்’ முடிவு கிடைக்காது. டாட் காம், டாட் இன், வங்கியின் சொந்த முடிவு என்று ஆளுக்கொரு முகவரி வைத்திருந்த நிலை போய், இரண்டே சொல்லில் சொல்லத்தக்க ஓர் அடையாளம் வந்திருக்கிறது. பல ஆண்டு விழிப்புணர்வுப் பிரச்சாரத்தைவிட இது பயனுள்ளது என்பது என் கணிப்பு. போலியை நூறு விதத்தில் விவரிப்பதை விட்டுவிட்டு, அசலுக்கு ஒரே முத்திரை குத்துவது என்ற சரியான திசைக்கு இது திரும்பியிருக்கிறது.

ஆனால், பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறோம். மீதிப் பாதி வங்கிகளின் சொந்தப் பழக்கத்தில் கிடக்கிறது. ஒரு மாதத்தில் உங்கள் வங்கி அனுப்பும் உண்மையான மடல்களை மட்டும் வரிசையாகத் திறந்து பாருங்கள். முன்கூட்டியே ஒப்புதல் பெற்ற கடன், இன்னும் 24 மணி நேரமே என்று ஒன்று. ரிவார்டு புள்ளிகள் காலாவதியாகப் போகின்றன, உடனே சொடுக்குங்கள் என்று ஒன்று. கணக்கு அறிக்கை இணைப்பில் இருக்கிறது, உங்கள் பெயரின் முதல் நான்கெழுத்தும் பிறந்த தேதியும்தான் அதன் பாஸ்வேர்டு என்று ஒன்று. லிங்க்கை அழுத்திப் பிடித்துப் பார்த்தால், எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்று எண்ணுவதற்காக வேறொரு விளம்பர நிறுவனத்தின் முகவரி வழியே அது சுற்றிப் போவதும் உண்டு. மோசடி மடல்களில் ஜாக்கிரதை என்று வரும் மடலிலேயே ‘மேலும் அறிய இங்கே சொடுக்குக’ என்று ஒரு பொத்தான் இருக்கும். இதை எழுதியவரை நேரில் பார்க்க ஆசை.

அவசரம், ஆசை, அச்சம், சொடுக்கு. திருடனின் நான்கு ஆயுதங்களையும் வங்கியின் சந்தைப்பிரிவு ஆண்டு முழுக்கப் பழக்கப்படுத்திவைக்கிறது. பாதுகாப்புப் பிரிவு ஆண்டுக்கு ஒரு தாள் ஒட்டுகிறது. இரண்டில் எது நம் விரலுக்குப் பழகும்? தொலைபேசியிலும் இதே வழக்கம்தான். வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று கூப்பிடுகிறவர், உறுதிசெய்துகொள்ள உங்கள் பிறந்த தேதியைச் சொல்லுங்கள் என்று நம்மைக் கேட்பார். தாம் யார் என்று உறுதிசெய்ய அவரிடம் ஒன்றும் இருக்காது. 2025 ஜனவரியில்தான், வங்கிகளின் சேவை அழைப்புகள் 1600 என்று தொடங்கும் எண்களிலிருந்தே வர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னது.

சிங்கப்பூர் இந்தப் பாடத்தை அடிபட்டுக் கற்றது. 2021 டிசம்பரில் அங்கே ஓசிபிசி வங்கியின் பெயரில் போலிக் குறுஞ்செய்திகள் பரவின. அனுப்புநர் பெயரையும் திருடர்கள் அதேபோல வைத்ததால், கைபேசியில் வங்கியின் உண்மையான செய்திகள் இருந்த அதே வரிசையின் அடியில் போலியும் போய் உட்கார்ந்துகொண்டது. மேலே போன வாரம் வங்கி அனுப்பிய ஓடிபி, கீழே திருடனின் லிங்க். எதைப் பார்த்துச் சந்தேகப்படுவது? ஏறத்தாழ 790 பேர் 1.37 கோடி சிங்கப்பூர் டாலரை இழந்தார்கள். முதலில் தயங்கிய வங்கி, பிறகு எல்லோருக்கும் முழுத்தொகையையும் திருப்பிக் கொடுத்தது. அந்நாட்டு நாணய ஆணையம் அந்த வங்கி கூடுதலாக ஏறத்தாழ 33 கோடி டாலர் மூலதனத்தை ஒதுக்கிவைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அதைவிட முக்கியமான உத்தரவு 2022 ஜனவரியில் எல்லா வங்கிகளுக்கும் வந்தது: சில்லறை வாடிக்கையாளருக்கு அனுப்பும் மின்னஞ்சலிலும் குறுஞ்செய்தியிலும் சொடுக்கக்கூடிய லிங்க் இருக்கவே கூடாது. புதிய கைபேசியில் டிஜிட்டல் சாவியைப் பதிவுசெய்தால் அது உயிர்பெற 12 மணி நேரமாவது பொறுத்திருக்க வேண்டும் என்ற விதியும் கூடவே வந்தது. நள்ளிரவில் கணக்கைக் காலிசெய்ய நினைப்பவனுக்கு அந்த 12 மணி நேரம் பெரிய தடை.

லிங்க் இல்லாத மடல் என்ற விதியின் அழகு அதன் எளிமையில் இருக்கிறது. வங்கி மடலில் லிங்க் இருந்தால் அது போலி. அவ்வளவுதான். ஆங்கில இலக்கணம் தெரிய வேண்டாம், முகவரியைப் பின்னோக்கிப் படிக்க வேண்டாம், கண்ணாடியைத் தேட வேண்டாம். இந்தியாவில் இந்த ஒற்றை வரியை ரிசர்வ் வங்கி எழுதினால், திருவாரூர் ஆசிரியருக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் துணைகூடத் தேவைப்படாது. மறுதரப்பு வாதங்களும் எனக்குத் தெரியும். லிங்க் இல்லாவிட்டால் வயதானவர்கள் செயலிக்குள் எந்த மூலையில் எதைத் தேடுவார்கள் என்பது ஒன்று. செயலியை ஒழுங்காக வடிவமைக்க இதைவிட நல்ல காரணம் வேறு வேண்டுமா? திருடர்கள் வேறு வழிக்கு மாறிவிடுவார்கள் என்பது இன்னொன்று. இது உண்மை. சிங்கப்பூரில் மோசடிகளில் மக்கள் இழந்த தொகை அந்த விதிக்குப் பிறகும் ஏறியது. 2024-இல் 110 கோடி சிங்கப்பூர் டாலரைத் தொட்டது. போலி வேலை, போலி முதலீடு, போலி காவல் அதிகாரி என்று ஆளையே பேசி மயக்கி, அவர் கையாலேயே பணத்தை அனுப்பவைக்கும் வழிகள் பெருகிவிட்டன. ஒரு கதவை அடைத்தால் இன்னொன்றைத் தட்டத்தான் செய்வார்கள். அதற்காகத் திறந்திருக்கும் கதவை அப்படியே விட்டுவைக்கலாம் என்றாகிவிடுமா?

லிங்க்கை எடுப்பதற்கு அப்பாலும் ஒரு வழி இருக்கிறது. ஹன்ட் விழுந்த கதையில் அவர் பிறகு சுட்டிக்காட்டிய ஒரு விவரம் உண்டு: அவருடைய பாஸ்வேர்டுகளைச் சேமித்து நிரப்பித் தரும் மென்பொருள், அந்தப் போலித் தளத்தில் பாஸ்வேர்டைத் தானாக நிரப்பவில்லை. முகவரி வேறு என்று மென்பொருளுக்குத் தெரிந்திருக்கிறது. களைத்துப்போன மனிதருக்குத் தெரியவில்லை. பாஸ்கீ எனப்படும் புதிய சாவிகள் இந்தத் தத்துவத்தைத்தான் முழுமையாக்குகின்றன. வங்கியின் அசல் முகவரியோடு சேர்த்தே உருவாக்கப்பட்ட சாவி, வேறு முகவரியில் வேலையே செய்யாது. நாமே ஏமாந்து கொடுக்க நினைத்தாலும் கொடுக்க முடியாது. கூகுள் நிறுவனம் 2017-இல் தன் 85,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு இவ்வகை வன்பொருள் சாவிகளைக் கொடுத்த பிறகு, பணிக் கணக்கு ஒன்றுகூட இப்படிப் பறிபோனதாகத் தகவல் இல்லை என்று அறிவித்தது. மனிதக் கண்ணை நம்பாத பாதுகாப்புதான் நிற்கிறது. நம் வங்கிகளோ இன்னும் ஆறு இலக்கங்களையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கின்றன.

பணம் போன பிறகு நடப்பது வேறு கூத்து. ‘ஓடிபியை நீங்கள்தானே தட்டினீர்கள்?’ என்ற கேள்வியோடு வங்கி கோப்பை மூடிவிடும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கை இவ்வளவு எளிதாகக் கைகழுவ இடம் தரவில்லை. வங்கியின் குறையால் போன பணத்துக்கு வாடிக்கையாளர் பொறுப்பல்ல. இரு தரப்பிலும் குறையில்லாமல் வேறெங்கோ நடந்த கோளாறு என்றால், மூன்று வேலைநாள்களுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பே இல்லை. வாடிக்கையாளரின் கவனக்குறைவு என்றாலும் புகார் கொடுத்த நொடிக்குப் பிறகு போகும் பணம் வங்கியின் கணக்கில். எல்லாவற்றுக்கும் மேலாக, தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு வங்கிக்கே. இந்தக் கடைசி வரியைச் சுவரொட்டியாக அச்சிட்டு ஒட்டிய கிளை எதையும் நான் பார்த்ததில்லை.

தமிழ்நாட்டுக்கு இந்த விஷயத்தில் ஒரு பெருமை உண்டு, நாமே மறந்துவிட்டோம். வளைகுடாவில் பணிபுரிந்த தமிழர் ஒருவருக்கு 2007 செப்டம்பரில் ஐசிஐசிஐ வங்கியின் பெயரில் ஒரு மின்னஞ்சல் வந்தது. பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் அனுப்பாவிட்டால் கணக்கு இல்லாமல் போய்விடும் என்றது, அனுப்பினார். 6.46 லட்சம் ரூபாய் போனது. எங்கே போனது? அதே வங்கியில் இருந்த இன்னொரு கணக்குக்கு. அங்கிருந்து பெரும்பகுதி மும்பைக் கிளையில் ரொக்கமாகவே எடுக்கப்பட்டது. நாங்கள் எச்சரித்திருந்தோம், அவர்தான் கவனக்குறைவாக இருந்தார் என்றது வங்கி. தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி நடுவராக இருந்த மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர் பி.டபிள்யூ.சி. டேவிதார், வங்கி உரிய முன்னெச்சரிக்கை எடுத்ததாக நிரூபிக்கவில்லை என்று சொல்லி, 2010 ஏப்ரலில் 12.85 லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டார். வங்கி மேல்முறையீட்டுக்குப் போனது. 2019-இல் வந்த முடிவும் அதற்குச் சாதகமாக இல்லை. பாதிக்கப்பட்டவர் வென்றார் என்று மகிழலாம்; பன்னிரண்டு ஆண்டு ஆனதை எந்தக் கணக்கில் வைப்பது? சட்டத்தின் 46-ஆம் பிரிவில் அந்தச் செயலரிடம் 5 கோடி ரூபாய் வரையிலான இழப்புக்கு முறையிடும் வழி இன்றைக்கும் இருக்கிறது. வழி இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்த வழக்கில் என்னை உறுத்துவது பணம் போய்ச் சேர்ந்த இடம்தான். போலி மின்னஞ்சல் எங்கிருந்து வேண்டுமானாலும் வரலாம். பணம் கடைசியில் ஏதோ ஒரு வங்கிக் கணக்கில்தான் போய் இறங்க வேண்டும். அந்தக் கணக்கை ஆதார், பான், புகைப்படம் எல்லாம் வாங்கிக்கொண்டு ஒரு வங்கிதான் திறந்துகொடுத்திருக்கிறது. இருபது வருட வாடிக்கையாளரைக் கேஒய்சி கேஒய்சி என்று திரும்பத் திரும்ப அலைக்கழிக்கும் அமைப்பு, திருடர்களுக்கு வாடகைக்கு விடப்பட்ட கணக்கைக் கண்டுகொள்ளாமல் விடுகிறது. பிரிட்டனில் 2024 அக்டோபரிலிருந்து, ஏமாற்றப்பட்டுத் தாமே பணம் அனுப்பியவருக்கும் 85,000 பவுண்டுவரை திருப்பித் தர வேண்டும். அந்தச் செலவில் பாதி பணம் அனுப்பிய வங்கிக்கு, பாதி பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்கு. திருடனுக்குக் கணக்கு திறந்துகொடுப்பது நட்டத்தில் முடியும் என்று தெரிந்தால்தான் வங்கி கண்ணைத் திறக்கும். இங்கே ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையம் வாடகைக் கணக்குகளை மோப்பம் பிடிக்க ‘மியூல்ஹன்டர்’ என்ற கருவியைச் செய்திருக்கிறது. கருவி நல்லதுதான், அபராதம் இல்லாத இடத்தில் கருவி மட்டும் எவ்வளவு தூரம் போகும் என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

நீதிமன்றங்கள் மெல்ல இந்தப் பக்கம் சாய்கின்றன. 2025 ஜனவரியில், மோசடியில் போன 94,204 ரூபாய்க்கு ஸ்டேட் வங்கியே பொறுப்பு என்ற கௌஹாத்தி உயர் நீதிமன்றத் தீர்ப்பில் தலையிட உச்ச நீதிமன்றம் மறுத்தது. ஒரு நாளுக்குள் புகார் கொடுத்திருந்தார் வாடிக்கையாளர். இருக்கிற நவீனத் தொழில்நுட்பத்தை வைத்து இத்தகைய பரிமாற்றத்தைத் தடுப்பது வங்கியின் வேலை என்றது நீதிமன்றம். ஓடிபியைப் பகிராமல் விழிப்பாக இருக்க வேண்டியது வாடிக்கையாளரின் கடமை என்பதையும் அது சொல்லாமல் விடவில்லை.

நீதிமன்றம் போகாமலிருக்க இன்றைக்கு நம் கையில் இருப்பது கொஞ்சம்தான். மடல் அசலா போலியா என்ற ஆராய்ச்சியில் இறங்கவே வேண்டாம். வங்கியில் வேலை இருந்தால் செயலியைத் திறந்தோ முகவரியை நாமே தட்டியோ போவது; மடல் வழியாகப் போவதில்லை. உண்மையிலேயே கேஒய்சி பாக்கி என்றால் செயலிக்குள்ளும் அது தெரியும், கிளைக்குப் போனாலும் சொல்வார்கள். ஏற்கெனவே தட்டிக்கொடுத்துவிட்டோம் என்று தெரிந்தால், வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டாருக்குத் தெரியாமல் மறைப்பதில்தான் பலர் பொன்னான நேரத்தைத் தொலைக்கிறார்கள். உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். பணம் முதல் கணக்கிலிருந்து இரண்டாவது, மூன்றாவது கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்திவைக்க அந்த எண்ணில் ஏற்பாடு இருக்கிறது. அதே மூச்சில் வங்கிக்கும் சொல்லி, புகார் எண்ணையும் நேரத்தையும் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் எழும் வழக்கில் பேசப்போவது அந்த நேரம்தான். முப்பது நாளில் வங்கி பதில் சொல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செலவில்லாமல் முறையிடலாம்.

ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்டு, 2026 ஏப்ரல் 1-ஐத் தொடக்க நாளாகக் குறித்த புதிய விதிகளில், தன் நெறிகளைப் பின்பற்றாமல் நடந்த பரிமாற்றத்தால் இழப்பு வந்தால் முழுத்தொகையையும் வங்கி மறுபேச்சில்லாமல் கொடுக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், பாஸ்வேர்டும் கேட்டோம், ஓடிபியும் கேட்டோம், நெறிப்படிதான் நடந்தோம் என்று வங்கி சொல்லிவிட்டால், போலித் தளத்தில் அவ்விரண்டையும் தட்டிக்கொடுத்தவருக்கு இந்த வரி உதவப்போவதில்லை. நெறிகளின் பட்டியலில் ‘வாடிக்கையாளருக்கு அனுப்பும் மடலில் லிங்க் கூடாது’ என்பதும், ‘பேங்க்.இன் அல்லாத முகவரியிலிருந்து மடல் அனுப்பக் கூடாது’ என்பதும் சேர்ந்தால் கதை மாறும். அப்போது லிங்க் வைத்து மடல் அனுப்பிப் பழக்கிய வங்கிதான் நெறி தவறியதாகும். இதற்குச் சட்டத்திருத்தம் தேவையில்லை, நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. மும்பை மின்ட் சாலையில் இருக்கும் ரிசர்வ் வங்கியிலிருந்து இரண்டு பக்கச் சுற்றறிக்கை ஒன்று வந்தால் போதும்.